அலாய் வீல் பெயிண்ட்: கேளுங்கள், சொல்கிறேன்

வண்ணார்பேட்டையில் இருபது வருடமாகக் கார் பெயிண்டிங் பார்க்கிறேன். வீல் பெயிண்ட் பற்றி மட்டும் கேளுங்கள்.

வள்ளியூர்: அண்ணாச்சி, அலாய் வீல் பிளாட்பாரத்தில் உரசி ஓரமெல்லாம் கீறல். ஸ்ப்ரே டப்பா வாங்கி நானே அடிக்கலாமா?

அடிக்கலாம் தம்பி. ஆனால் பாதி வேலை பெயிண்டைத் தொடுவதற்கு முன்பே இருக்கிறது. பிரேக் தூசியையும் கிரீஸையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் தின்னர் துணியால் துடையுங்கள். கீறலை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பள்ளத்தை நிரப்பும் பட்டி வையுங்கள். பட்டி காய்ந்ததும் 240, பிறகு 400 வாட்டர் பேப்பர். அலுமினியம் வெளியே தெரிகிற இடத்தில் எச் பிரைமர் கட்டாயம். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்ஸைடு படலம் இருக்கும், சாதாரண பிரைமர் அதில் சரியாகப் பிடிக்காது. எச் பிரைமரில் உள்ள அமிலம் அதைக் கடித்துப் பிடிக்கும். அதே அமிலம் பட்டியை இறுகவிடாது என்பதால் பட்டி முதலில், எச் பிரைமர் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கலர் மெல்லிசாக மூன்று கோட், கோட்டுக்கு இடையே பத்து நிமிடம். அதன்மேல் நிறமில்லாத கிளியர் இரண்டு கோட். டயரை மறைக்கப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை ரிம்முக்கும் டயருக்கும் நடுவே வரிசையாகச் செருகுங்கள், டேப்பைவிட நன்றாக நிற்கும். அப்புறம், ஆடியில் முற்றத்தில் அடிக்காதீர்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, உங்கள் ஊர் மண் பறந்து வந்து ஈரப் பெயிண்டில் உட்காரும்.

முக்கியமான ஒன்று: நட்டு உட்காரும் குழியிலும், வீல் ஹப்பில் ஒட்டும் பின்பக்கத்திலும் பெயிண்ட் படக்கூடாது.

தென்காசி: சாரல் நேரத்தில் அடித்த கருப்பு, வெள்ளையாகப் பூத்துவிட்டது.

அடித்தது டூகோதானே, தின்னர் ஆவியாகிக் காயும் பழைய வகைப் பெயிண்ட்? தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றில் உள்ள ஈரம் அதில் படிந்து வெண்மையாகும். நல்ல வெயில் நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை லேசாகத் தூவினால் பெரும்பாலும் சரியாகும். குற்றாலம் களைகட்டுகிற மாதத்தில் பெயிண்ட் வேலை வேண்டாம்.

மேலப்பாளையம்: பிரைமர் இல்லாமல் அடிக்கலாமா?

கூடாது.

உவரி: முகப்பைக் கடைசல் போட்டுப் பளபளப்பாக்கிய டைமண்ட் கட் வீலில் கிளியருக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள்.

கடற்கரை உப்புக் காற்று. கிளியரில் சின்ன ஓட்டை விழுந்தாலும் ஈரம் உள்ளே போய் அலுமினியத்தை அரிக்கும். மறுபடி கடைசல் போடலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையும். உங்கள் ஊருக்கு நான் சொல்வது முழுச் சில்வர் பெயிண்ட்.

பாளையங்கோட்டை: மேட் கருப்பு அடித்து மேலே கிளியர் போடலாமா?

பளபளக்கும் கிளியரைப் போட்டால் மேட் போய்விடும். மேட் கிளியர் என்றே தனியாகக் கேட்டு வாங்குங்கள். பிறகு பாலிஷ் போடவே கூடாது.

தூத்துக்குடி: இத்தனை பாடு எதற்கு அண்ணாச்சி? பவுடர் கோட்டிங்தான் உறுதி. பெயிண்டர்கள் பிழைப்புக்காக அதைப் பேசமாட்டீர்கள்.

பேசுகிறேன். கல் அடிக்குத் தாங்குவதில் பவுடர்தான் மேல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பவுடரை உருக்கிப் பிடிக்கவைக்கும் அடுப்பு கிட்டத்தட்ட 200 டிகிரி. சாதாரணப் பட்டி அதில் நிற்காது.

தூத்துக்குடி: பட்டி இல்லாத வீல் என்றால்?

அப்போதும் வார்ப்பு அலுமினியத்தின் துளைகளில் இருக்கும் காற்று சூட்டில் வெளியேறிக் கொப்புளம் போடும். முதலில் வெறும் வீலைச் சுட்டு அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பவுடர் போடுகிறார்களா என்று கேளுங்கள்.

தூத்துக்குடி: என் வீல் நான்கு வருடமாக நன்றாகத்தான் இருக்கிறது.

சந்தோஷம். என் சொந்த வண்டிக்கும் ஒரு பட்டறையில் பவுடர் போட்டேன். நட்டுக் குழியை மறைக்காமல் சுட்டுக் கொடுத்துவிட்டார்கள், நானும் பார்க்காமல் மாட்டினேன். கங்கைகொண்டான் தாண்டும்போது ஸ்டியரிங் ஆடியது. இறங்கிப் பார்த்தால் நட்டுகள் கையால் சுற்றும் நிலையில். அடியில் இருந்த பவுடர் நசுங்க நசுங்க இறுக்கம் போயிருக்கிறது. பவுடரைக் குறை சொல்லவில்லை, மறைக்காத கையைச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம்: ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே கிளியருக்குக் கைக்குட்டை கட்டினால் போதுமா?

போதாது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஸ்ப்ரே கன்னில் அடிப்பதென்றால் வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் மாஸ்க் வேண்டும். அது இல்லையென்றால் பெயிண்டரிடம் விடுங்கள்.

சேரன்மகாதேவி: பிரைமர் இல்லாமல்…

மேலப்பாளையத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாங்குநேரி: மைலேஜ் குறைகிறது.

மெக்கானிக்கிடம் போங்கள்.

திசையன்விளை: அண்ணாச்சி, நேற்றுதான் அடித்து மாட்டினேன். நட்டுக் குழியிலும் பெயிண்ட் பட்டுவிட்டது. நாளைக்கு மதுரை போகணும்.

வீலைக் கழற்றாமல் எங்கும் போகாதீர்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, குழியிலும் பின்பக்கத்திலும் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள், நேற்று அடித்ததுதானே, வந்துவிடும். வெறும் உலோகம் தெரிந்ததும் மாட்டி, குறுக்காகக் குறுக்காக நட்டை இறுக்குங்கள். கோவில்பட்டி போனதும் வண்டியை நிறுத்தி, ஸ்பேனரால் நான்கு வீலையும் இன்னொரு தடவை பாருங்கள்.