சீலை சுற்றிய முழங்கால்

அன்புள்ள அக்கா,
முல்லைத்தீவில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். உயர்தரம் படிக்கும் என் மாணவன் ஒருவன் உதைபந்து, உயரம் பாய்தல், ஈட்டி எறிதல் மூன்றிலும் கெட்டிக்காரன். முழங்காலில் கொஞ்சம் நோ, சீலை சுற்றிக்கொண்டு ஓடுவான். கரப்பந்தில் மட்டும் சுமார். அதை விடச் சொல்லட்டுமா? ஒன்றைப் பிடித்தால்தானே முன்னுக்கு வரலாம்?

அன்புள்ள தம்பி,
அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் லொஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்காக நான்கு விளையாட்டு ஆடியவர். 1940இல் நீளம் பாய்தலில் அமெரிக்கக் கல்லூரிகளின் சம்பியன். அதே ஆண்டு பேஸ்போலில் அவருடைய சராசரி .097, பத்துக்கு ஒன்றுகூட ஒழுங்காக அடிபடவில்லை. 1947இல் கறுப்பர்களுக்கு மூடிக் கிடந்த பெரிய லீக்கை அவர் திறந்தது அந்தப் பேஸ்போலில்தான். அதே பல்கலைக்கழகத்தில் பிறகு படித்த நம் எதிர்வீரசிங்கமோ உயரம் பாய்தலில் 1958 ஆசியத் தங்கம் எடுத்தார். பலதை ஆடியும் வரலாம், ஒன்றைப் பிடித்தும் வரலாம். அந்தக் கேள்வியை விடுங்கள்.

அந்த முழங்காலைப் பற்றி ஏன் ஒரே வரி? கோபம்தான் வருகிறது தம்பி. கரப்பந்துக்கு எழும்புவதும் உயரம் பாய்வதும் முழங்காற் சில்லுக்குக் கீழே உள்ள ஒரே நாணைத்தான் இழுக்கின்றன. எங்கள் கிரவல் மைதானத்தில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அடி அங்கேதான். சீலை அதற்கு மருந்தா? காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறான், யாருடைய சப்பாத்தைப் போட்டு ஓடுகிறான் என்று கேட்டீர்களா?

என்னோடு படித்த ஒருத்தி இருந்தாள். வலைப்பந்து, ஈட்டி, நீளம் பாய்தல், அஞ்சலோட்டம், எதில் விட்டாலும் புள்ளி கொண்டுவருவாள். வெறும் தேத்தண்ணியோடு சைக்கிள் உழக்கி வருவாள். ஒருநாள் வலைப்பந்தில் கால் மடங்கியது. வீக்கம் வற்ற முன்னரே வலயப் போட்டிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள், பாடசாலைக்குப் புள்ளி வேண்டுமாம். பாய்ந்தாள், இடமும் எடுத்தாள். கேடயம் அதிபர் அறைக்குப் போனது. அவள் அதற்குப் பிறகு ஓடவேயில்லை. எத்தனையோ விளையாட்டு தெரிந்த பிள்ளை என்று மேடையில் புகழ்ந்த ஒருவராவது அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. பல விளையாட்டு ஆடுவது ஒரு பிள்ளையையும் கெடுக்காது. எல்லாப் புள்ளியையும் ஒரு பிள்ளையின் காலிலேயே தேடுகிற பாடசாலைதான் கெடுக்கும். வன்னியில் இது இன்னும் நடக்கிறது, உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் அவனில் அன்புள்ளவர், இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்பதை அவனே பிறகு சொல்லட்டும். இந்தக் கிழமை கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் காலைக் காட்டுங்கள். வலயப் போட்டி இந்த வருடம் அவன் இல்லாமல் நடக்கட்டும். அதிபரிடம் அதை நீங்களே போய்ச் சொல்லுங்கள், அவனை அனுப்ப வேண்டாம்.