பத்து அங்குலச் சக்கரமும் கிறவல் றோட்டும்

இருசக்கர வாகனம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மட்டக்களப்பு ஆரையம்பதியில் கராஜ் நடத்தும் மெக்கானிக் பதில் தருகிறார்.

கேள்வி: நான் கல்லடியில் இருக்கிறேன். கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. பஸ்ஸை நம்பினால் முதல் பாடம் போய்விடும். கடைசி மூன்று கிலோமீற்றர் கிறவல் (சரளை) றோட்டு. என் உயரம் ஐந்து அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. பாவித்த ஸ்கூட்டி பெப் ஸ்கூட்டர் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. கணவரோ, "சின்ன வண்டி ஆபத்து, என்னுடைய சீடி 100 மோட்டார் சைக்கிளைப் பழகு" என்கிறார். ஒருநாள் ஏறிப் பார்த்தேன், கால் சரியாக எட்டவில்லை, பயந்து இறங்கிவிட்டேன். யார் சொல்வது சரி?
ஆசிரியை, கல்லடி

பதில்: தங்கச்சி, நீங்கள் பயப்படுவது வண்டியின் உயரத்துக்கு. அவர் பயப்படுவது சக்கரத்துக்கு. அதைத்தான் அவர் 'சின்ன வண்டி' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டார். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

கால் எட்டாத வண்டியில் உங்களை யாரும் வற்புறுத்தி ஏற்றக்கூடாது. கண்ணாடி உடைந்து, பிரேக் லீவர் வளைந்து என் கராஜுக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் நின்ற இடத்தில் சரிந்தவை. பெற்றோல் செட்டில், பள்ளிக்கூட வாசலில், வீட்டுப் படலையடியில். ஒரு கால் மணலில் புதைந்தால் போதும், பாரம் அந்தப் பக்கம் இழுத்துவிடும். பெப் ஏறத்தாழ 95 கிலோதான். பல்சர் 150 என்றால் 140 கிலோவைத் தாண்டும். பெப்பின் சீற் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரம். சாரியோடு ஏறலாம், கொப்பிக் கட்டைக் காலடித் தட்டில் வைக்கலாம், கிளச் பிடிக்கிற வேலை இல்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அந்த 4 லீற்றரை வைத்துக்கொண்டு ஒரு நாளும் லீவு போடாமல் பள்ளிக்கூடம் போய்வந்த ஆசிரியைமாரை எனக்குத் தெரியும். எல்லாரும் இந்த மாதிரிச் சின்ன வண்டிக்காரர்கள்தான்.

மறுகா, அவர் பக்கம்.

என் கராஜில் ஒரு உடைந்த சிமெந்துக் கல் கிடக்கிறது, மூன்று விரல் உயரம் இருக்கும். சீடியின் 17 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி அதை நோக்கி உருட்டிவிட்டால் ஏறி இறங்கிப் போகும். பெப்பின் 10 அங்குலச் சக்கரத்தை அதே வேகத்தில் விட்டால் முட்டி நின்று பக்கவாட்டில் விழும். என்ன வண்டி எடுக்கலாம் என்று வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் செய்து காட்டுவேன். சின்னச் சக்கரம் கிடங்குக்குள் கூடுதலாக இறங்கும். பெரிய சக்கரத்துக்குப் படி மாதிரி இருக்கிற விளிம்பு அதற்கு மதில் மாதிரி நிற்கும். எஞ்சின் எத்தனை சீசீ என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2017 மார்கழி மழைக்குள் என் மனைவி பெப்பில் தாளங்குடாப் பக்கம் வந்துகொண்டிருந்தா. குழாய் தாழ்க்கத் தோண்டிய இடத்தைச் சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். தண்ணீர் நிரம்பிய கிடங்கு றோட்டோடு றோட்டாகத்தான் தெரியும். முப்பதில்தான் வந்திருக்கிறா. முன் சக்கரம் விழுந்ததும் ஹாண்டில் கையை முறித்துக்கொண்டு கிறுகிவிட்டது. தோள்பட்டை எலும்பு உடைந்து இரண்டு மாதம் கையைத் தூக்க முடியவில்லை. அடுத்த நாள் காலையில் ஒரு தடியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கிடங்கை அளந்தேன். ஒரு சாண்கூட இல்லை. அதே கிடங்கில் என் சீடியை இறக்கிப் பார்த்தேன். முதுகு குலுங்கியது, அவ்வளவுதான். தலைக்கவசம் போட்டிருந்தபடியால் அவ இன்று என்னோடு இருக்கிறா. அன்றிலிருந்து யார் வந்து சின்ன வண்டி கேட்டாலும், "எந்த றோட்டில் ஓடப் போகிறீர்கள்" என்று கேட்காமல் பதில் சொல்வதில்லை.

சரி, உங்கள் றோட்டுக்கு வருவோம். கல்லடியிலிருந்து ஆரையம்பதி கடக்கும் வரை நல்ல கார்பெட் றோட்டு, பெப்புக்கு ஒரு குறையும் இல்லை. மண்முனைப் பாலத்தடியில் காற்றைக் கவனியுங்கள். 2014இல் அந்தப் பாலம் திறக்கும் வரை 'பாதை' என்ற மிதவையில்தான் அக்கரைக்குப் போனோம். பாதையில் ஏற்றும்போது சின்ன வண்டியை ஒரு ஆள் தனியாகத் தள்ளி ஏற்றுவார், பெரிய வண்டிக்கு இன்னொரு கை வேண்டும். அப்போது வசதியாக இருந்த அந்த மெல்லிய பாரம், கச்சான் காற்று நாட்களில் பாலத்தில் எதிரியாகிவிடும். வாவிக்கு மேலால் வருகிற காற்று வண்டியை ஒரு முழம் தள்ளும். பயந்து ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஆடும். முழங்கையைத் தளர்த்தி, சற்று முன்னுக்குக் குனிந்து, வேகத்தைக் குறைத்து வாருங்கள். எதிரே பஸ் வந்தால் அது கடக்கிற கணத்தில் காற்று நின்று, கடந்ததும் திரும்ப அடிக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

கடைசி மூன்று கிலோமீற்றர் கிறவல்தான் தீர்ப்புச் சொல்கிறது. ஐப்பசி பிறந்தால் அந்தக் கிறவலில் லொறியும் உழவு இயந்திரமும் போட்ட தடம் முழுக்கத் தண்ணீர். அந்த றோட்டில் தினமும் இரண்டு தரம் 10 அங்குலச் சக்கரத்தில் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் பெப்பை விடுங்கள். ஸ்கூட்டர்தான் வேண்டுமென்றால் 12 அங்குலச் சக்கரம் உள்ளதைத் தேடுங்கள். டிவிஎஸ் வீகோவுக்கு முன்னும் பின்னும் 12. இரண்டு அங்குலம்தானே என்று நினைக்க வேண்டாம், அந்தச் சிமெந்துக் கல்லில் அது ஏறிவிடும். வீகோ பெப்பைவிட ஒரு பத்துப் பதின்மூன்று கிலோ கூட, ஆனால் சீற் உயரம் உங்களுக்கு எட்டும்.

லைசன் எடுக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். 100 சீசீக்கு மேற்படாத வண்டிக்குத்தான் ஏ1 வகுப்பு. பெப்புக்கு அது போதும். வீகோ 110, அதற்கு ஏ வகுப்பு வேண்டும். முதலிலேயே ஏ எடுத்துவிடுங்கள்.

உங்கள் கணவரின் சீடியையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். குஷன் கடையில் கொடுத்து சீற்றின் ஸ்பொஞ்சை ஒரு அங்குலத்துக்கு மேல் வெட்டலாம். அப்போது ஒரு பாதமாவது முழுதாக ஊன்றும். சாரியோடு அதில் ஏறி இறங்குவது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும், ஆனால் மழை மாதங்களில் அந்த 17 அங்குலம் தருகிற தைரியத்தை எந்த ஸ்கூட்டரும் தராது.

பாவித்த வண்டி பார்க்கும்போது ஏமாறாதீர்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றது, 2025 மாசியில்தான் திரும்ப வழிவிட்டார்கள். இடையில் ஊரில் இருந்ததையே பூசிப் பூசிக் கைமாற்றினோம். கல்லடி, நாவலடி மாதிரிக் கடலோரத்தில் நின்ற ஸ்கூட்டர் மேலுக்குப் பளபளவென்று இருக்கும், பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே இரும்பு உப்புக் காற்றில் உதிர்ந்திருக்கும். காலடித் தட்டுக்கு அடியில் டோர்ச் அடித்து, ஸ்குரூ டிரைவரால் குழாயைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் மந்தமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கையில் டக் டக் என்று தட்டினால் ஹாண்டில் கழுத்தில் இருக்கிற போல் பெயரிங் தேய்ந்துவிட்டது. அந்த வண்டி நிறையக் கிடங்கு பார்த்த வண்டி.

எந்த ஸ்கூட்டர் எடுத்தாலும், முழங்காலளவு வெள்ளத்தில் இறக்க வேண்டாம். கியர் வண்டியில் செயின் நனைந்தால் காயும். ஸ்கூட்டரில் பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. நின்றுபோனால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் வடிவாகத் திருத்திப் பெயின்ட் அடித்த ஹொண்டா சாலி 70 ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனைக்குத் தினமும் வேலைக்குப் போய்வர அது போதுமா?
வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, சாலி என்றால் எனக்கு உயிர். நான் முதன்முதல் கழற்றிப் பூட்டிய எஞ்சின் அதுதான். கிளச் லீவர் இல்லை, மூன்று கியர், சொல்வழி கேட்கிற எஞ்சின். காற்று வடிகட்டியும் பிளக்கும் சுத்தமாக இருந்தால் ஒரு உதையில் எழும்பும். ஆனால் தினசரி வேலைக்கு வேண்டாம்.

கல்முனை றோட்டில் பஸ்காரர்கள் போகிற வேகம் உங்களுக்குத் தெரியும். சாலியை முறுக்கிப் பிடித்தாலும் அறுபதுக்கு மேல் போவது அதற்குச் சித்திரவதை. ஆகவே எல்லாரும் உங்களை முந்துவார்கள், நீங்கள் றோட்டின் ஓரத்து மணலிலேயே வாழ வேண்டிவரும். அதுவும் 10 அங்குலச் சக்கரம்தான். பழைய சாலிகளின் லைற் 6 வோல்ட். வேகத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். கிடங்கைக் கண்டு நீங்கள் குறைக்கிற அந்த நேரத்தில்தான் வெளிச்சம் மஞ்சளாகிக் கிடங்கு மறையும். மாலையில் வேலை முடிந்து வருகிற ஆளுக்கு இது பெரிய குறை. வெல்லாவெளிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு இருட்டில் போக நேர்ந்தால் யானையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சின்ன வண்டியில்தான் ஆசை என்றால் சூப்பர் கப் வகையைத் தேடுங்கள். ஹொண்டா அதை 1958இல் வெளியிட்டது. நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஓட்ட முடிய வேண்டும் என்ற யோசனையில்தான் கிளச் லீவர் இல்லாமல் செய்தார்கள். அன்றைய ஜப்பானிய றோட்டு மோசம் என்றபடியால் சக்கரத்தை 17 அங்குலமாக வைத்தார்கள். 2017இல் அந்த வகையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. சின்ன எஞ்சின், சின்ன உடம்பு, ஆனால் பெரிய சக்கரம். அதைக் கட்டியவர்கள் றோட்டைப் பார்த்துவிட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

சாலியையும் விட்டுவிடாதீர்கள். காசிருந்தால் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுங்கள். வாங்கும்முன் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் வண்டியில் வெட்டியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பாருங்கள். இந்தப் பழைய வண்டிகளில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம். பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட பேப்பரோடு மட்டும் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: ஆறு வயது மகனை ஸ்கூட்டியின் முன்னால், காலடித் தட்டில் நிறுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகலாமா?
ஒரு தாய், செங்கலடி

பதில்: வேண்டாம் மகள். சடாரென்று பிரேக் பிடித்தால் பிள்ளையின் வாயும் மூக்கும் ஹாண்டிலில்தான் அடிபடும், பின்னால் இருந்து உங்கள் பாரமும் அவன்மேல் வரும். அவன் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் உங்களால் அதை முழுதாகத் திருப்பவும் முடியாது. கால் மிதியில் பாதம் எட்டுகிற வயது வந்ததும் பின்னால் இருத்துங்கள், அவன் தலைக்கு அளவான கவசத்தோடு. அதுவரை கொஞ்சம் நேரத்தோடு வெளிக்கிட்டு, அவனை வேறு வழியில் கொண்டுபோய் விடுங்கள். கஷ்டம்தான், தெரியும்.

கேள்வி: டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட்டில் பெட்டி கட்டி மீன் விற்கிறேன். பின் சக்கரக் கம்பி அடிக்கடி உடைகிறது, றிம்மும் கறள் பிடிக்கிறது. பெரிய வண்டிக்கு மாறவா?
மீன் வியாபாரி, வாழைச்சேனை

பதில்: மாற வேண்டாம் தம்பி. உங்கள் தொழிலுக்கு அதைவிட நல்ல வண்டி இல்லை. சக்கரமும் 16 அங்குலம், கிரான் பக்கத்துக் கிறவலைத் தாங்கும். ஆனால் கொம்பனி சொல்கிற மொத்தப் பாரம் 130 கிலோ, அதற்குள் நீங்களும் அடக்கம். நீங்கள் 65 என்றால் மீன், ஐஸ், பெட்டி எல்லாம் சேர்த்து இன்னொரு 65தான். ஐஸ் போட்ட மரப்பெட்டி வெறுமையாகவே பாரம், ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள்.

பெட்டியை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் கிடங்குக்குக் கிடங்கு கம்பியில்தான் அடி, முன் சக்கரமும் தூக்கும். வெல்டிங் கடையில் கரியரை மாற்றி, பெட்டி உங்கள் முதுகைத் தொடுகிற அளவுக்கு முன்னுக்கு எடுங்கள். கறளுக்குக் காரணம் பெட்டியிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர். அடியில் ஒரு ஓட்டை போட்டு, பழைய ரியூப் துண்டைப் பூட்டி, சக்கரத்திலும் செயினிலும் படாமல் பின்னுக்கு இறக்கிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் றிம்மைக் கழுவி, செயினுக்கு ஒயில் விடுங்கள். உடைந்த கம்பியை மட்டும் மாற்றினால் பக்கத்துக் கம்பி அடுத்த கிழமை உடையும், முழுச் செற்றையும் மாற்றி இழுக்கச் சொல்லுங்கள்.