ஆந்திராவிலுள்ள பெலும் குகை புகைப்படத்தில் தெரிவது போல நிஜமாகவே வண்ணமயமாக இருக்குமா? சித்தூரிலிருந்து குழந்தைகளோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் படங்களில் ஜொலிக்கிற தங்க நிறமும் ஆரஞ்சும் பெரும்பாலும் விளக்குகளின் உபயம். உள்ளே நுழைந்ததுமே அக்கா பையன், "மாமா, பெயிண்ட் அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டான். செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினேன். அந்த வெள்ளை வெளிச்சத்தில்தான் பாறையின் சொந்த நிறம் தெரியும்: கருஞ்சாம்பல், அங்கங்கே பால் வெள்ளை, செங்காவி.

அந்த நிறங்களுக்குக் காரணம் இருக்கிறது. மழைத்தண்ணீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. குகைக்குள் அது சொட்டும்போது வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு படிகிறது. நம் ஊர் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே சமாச்சாரம்தான். சுத்தமான படிவு வெள்ளை. இரும்பு கலந்தால் துரு நிறம், மாங்கனீசு கலந்தால் கருப்பு. விளக்குப் போட்ட குகைகளில் விளக்கை ஒட்டிப் பச்சையாக ஏதாவது தெரிந்தால் அது தாது இல்லை, வெளிச்சத்துக்கு வளர்ந்த பாசி.

கோடிலிங்காலு என்கிற இடத்தை அவசரப்படாமல் பாருங்கள். கூரையிலிருந்து லிங்க வடிவங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சப்தஸ்வரக் குகையில் கல்லைத் தட்டினால் உலோகச் சத்தம் வரும் என்பார்கள். பிள்ளைகளைத் தட்ட விடாதீர்கள், உடைந்தால் திரும்ப வளர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்.

1884-இல் பிரிட்டிஷ் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் குறித்து வைத்த குகை இது. பிறகு 1980-களில் ஜெர்மன் குழு ஒன்று முறையாக ஆராய்ந்தது. 2002-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மொத்த நீளம் 3,229 மீட்டர், நாம் நடக்கக்கூடியது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்.

குகை என்றால் ஜில்லென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே புழுக்கம், சட்டை நனைந்துவிடும். குழாய் வழியாகக் காற்று விடுகிறார்கள் என்றாலும் மூச்சுத்திணறல் உள்ளவர்கள் யோசித்துப் போவது நல்லது. குகையின் மிக ஆழமான இடமான பாதாளகங்கை வரை, அதாவது 46 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏற முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம்; எங்கள் அம்மா பாதியிலேயே உட்கார்ந்துகொண்டார். வழுக்காத செருப்பு அவசியம்.

வண்ணப் படிவங்களை மட்டும் பார்க்கத்தான் ஆசை என்றால், தூரமானாலும் அரக்கு பக்கத்துப் பொர்ரா குகைதான் என் ஓட்டு. சந்து பொந்தில் நடக்கிற அனுபவத்துக்கு பெலும். சித்தூரிலிருந்து ஒரே நாளில் போய் வருவது ரொம்ப அலைச்சல். தாடிபத்ரியில் தங்கிக்கொண்டு, மறுநாள் கண்டிக்கோட்டையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.