முயல் நேற்று இரவிலிருந்து சாப்பிடாதது குறித்து
கடலூரில் நீங்கள் வளர்க்கும் முயல் நேற்று இரவிலிருந்து எதையும் தொடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்று எழுதியிருப்பதைப் படித்ததும் பதறிவிட்டேன். தயவுசெய்து நாளைவரை காத்திருக்க வேண்டாம். முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது என்பதால், 12 மணி நேரம் உண்ணாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. அருகில் முயலைப் பார்க்கும் மருத்துவர் இல்லையென்றால், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இன்றே கொண்டு செல்லுங்கள். வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மட்டும் வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். அது குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலின் உயிரையே பறித்துவிடக்கூடும்.

தேறிய பிறகு, நீங்கள் தினமும் தரும் பிஸ்கட்டை அடியோடு நிறுத்தி, கேரட்டை எப்போதாவது ஒரு துண்டு என்று குறைத்து, காய்ந்த புல்லும் அருகம்புல்லுமே உணவின் பெரும்பகுதியாக இருக்கும்படி மெல்ல மெல்ல மாற்றுங்கள். தான் போடும் மென்மையான புழுக்கையை முயல் தானே உண்பது நோயல்ல, தடுக்க வேண்டாம்.