தேவனுடைய அன்பு மாறாதது என்றால் விசுவாசிக்கு ஏன் பாடுகள்?

மாறாத அன்பு என்றால், நம் நடத்தையைப் பார்த்துக் கூடிக் குறையாத அன்பு. கஷ்டமே வராது என்ற வாக்குறுதி அதில் இல்லை.

இயேசுவின் அப்போஸ்தலரான பவுலைப் பாருங்கள். வேதாகமத்தில் உள்ள தன் கடிதமான 2 கொரிந்தியர் 11-ல் தான் பட்டதைச் சொல்கிறார்: ஐந்து முறை 39 அடிகள், மூன்று முறை மிலாறடி (கோலால் அடி), ஒரு முறை கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம், ஓர் இரவும் பகலும் கடலிலேயே. அடித் தழும்போடு வாழ்ந்த அதே மனிதர்தான், உபத்திரவமோ பசியோ பட்டயமோ கிறிஸ்துவின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்காது என்று ரோமர் 8-ல் எழுதினார். அவரால் எப்படி அப்படி எழுத முடிந்தது? நாம் பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்பதுதான் அவருடைய ஆதாரம் (ரோமர் 5:8). நம் தகுதியைப் பார்த்து வராத அன்பு, நம் நிலைமை மோசமானதும் எப்படிப் போய்விடும்? நாம் தேவனுக்கு உண்மையாயிருப்பது அந்த அன்புக்கு நாம் தரும் பதில்தான், அதை வாங்கக் கொடுக்கும் விலை இல்லை.

தடுப்பூசி போடும்போது குழந்தை வீறிட்டு அழும். ஆனாலும் தன்னைப் பிடித்திருக்கும் அம்மாவின் தோளில்தான் முகம் புதைக்கும். விசுவாசத்தில் நிலைத்திருப்பதும் அப்படித்தான்.

அப்புறம், அழுதாலோ "ஏன் ஆண்டவரே?" என்று கேட்டாலோ அவிசுவாசம் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் சிலுவையில் இயேசுவே "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கேட்டார்.