புளித்த ஆரஞ்சு ஜூஸைக் குழந்தை குடித்துவிட்டான்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: வீட்டில் பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்த ஆரஞ்சு ஜூஸை ஐந்தாவது நாள் என் நான்கு வயது மகன் அரை டம்ளர் குடித்துவிட்டான். அப்புறம் நான் வாயில் வைத்துப் பார்த்தால் நாக்கில் சுருக்கென்று குத்தியது. மூடியைத் திறந்தபோதே ‘புஸ்’ என்று காற்று வந்தது. உடனே உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தேன். போன முறை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பும் ஒரு வேளை கொடுத்தேன். இரண்டு நாளாக நன்றாக விளையாடுகிறான். ஆனால் இணையத்தில் கை கால் முடங்கும், சிறுநீரகம் செயலிழக்கும் என்று போட்டிருக்கிறார்கள். ஜூஸ் பழுப்பாவது, அடியில் தங்குவது, கசப்பது எல்லாம் கெட்டுப்போனதன் அடையாளமா? பாட்டிலைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டு நாள் கழித்தும் ஓடி விளையாடுகிறான் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் அவனுக்கு விஷம் கொடுத்துவிடவில்லை. நாக்கில் குத்தியதும் ‘புஸ்’ஸென்று வந்ததும் ஈஸ்ட்டின் வேலை. பழத்தின் சர்க்கரையை அது காற்றாகவும் கொஞ்சம் சாராயமாகவும் மாற்றிவிடும். அரை டம்ளரில் அது குழந்தைக்குத் தீங்கு செய்யும் அளவுக்கு இருக்காது.

கை கால் முடங்கும் என்று நீங்கள் படித்தது பொட்டுலிசம் என்ற நோய். அந்தக் கிருமி புளிப்பில் வளராது. புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே போனால் அதனால் நஞ்சை உண்டாக்க முடியாது. ஆரஞ்சு ஜூஸ் 4ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் இருக்கும். 2006இல் அமெரிக்காவில் கேரட் ஜூஸ் குடித்த சிலருக்கு இந்த நோய் வந்தது உண்மை. கேரட்டில் புளிப்பு இல்லை. அதை ஆரஞ்சோடு சேர்த்து எழுதிப் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள்.

சிறுநீரக விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளான சால்மோனெல்லாவும் சில வகை ஈ.கோலையும் ஆரஞ்சு ஜூஸின் புளிப்பைத் தாங்கிப் பல நாள் உயிரோடு இருக்கும். 1999இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சூடுபடுத்திப் பதப்படுத்தாத ஆரஞ்சு ஜூஸால் 200க்கும் மேற்பட்டோருக்கு சால்மோனெல்லா தொற்று வந்தது. இந்தக் கிருமிகள் இருந்தால் ஜூஸ் நாறாது, நுரைக்காது, நிறமும் மாறாது. முகர்ந்து பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று குடிக்கும் ஜூஸிலும் இருக்கலாம். அதனால் அந்த ‘புஸ்’ சத்தத்தைவிட உங்கள் மகனின் மலத்தையும் சிறுநீரையும்தான் கவனிக்கச் சொல்வேன்.

குடித்த நாளிலிருந்து 10 நாள் வரை ஒரு கண் வைத்திருங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றே குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள். மலத்தில் ரத்தம் வரவைக்கும் ஈ.கோலை வகைதான் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. அந்தத் தாக்குதல் வயிற்றுப்போக்கு தொடங்கிச் சுமார் ஒரு வாரத்தில், பல சமயம் போக்கு குறைந்து ‘சரியாகிவிட்டது’ என்று நாம் நினைக்கும் நேரத்தில் வரும். பையன் வெளிறிப்போய், சோர்ந்து, சிறுநீர் போவது வெகுவாகக் குறைந்தால் ராத்திரி என்றாலும் காத்திருக்காதீர்கள். ரத்தமில்லாத சாதாரணப் போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வாருங்கள். காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, குடிப்பதையெல்லாம் வாந்தி எடுத்தாலோ காட்டிவிடுங்கள்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். குழந்தைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும், உயிரே போகலாம். உங்கள் மகன் குடித்த ஜூஸைவிட அது பல மடங்கு ஆபத்தானது. மிச்ச சிரப்பும் அப்படித்தான். தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் பொதுவாக ஒன்று, இரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது. அதைவிட முக்கியம், நான் சொன்ன ஈ.கோலை தொற்றில் ஆன்டிபயாடிக் கொடுப்பது சிறுநீரகப் பாதிப்பைக் கூட்டக்கூடும். போக்கை நிறுத்தும் மாத்திரையும் வேண்டாம். அடுத்த வேளை சிரப் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் போக நேர்ந்தால் எந்த சிரப், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றவை ஒன்றும் பெரிதில்லை. அடியில் தங்குவது சதை, குலுக்கினால் சரியாகிவிடும். பழுப்பாவது வைட்டமின் சி சிதைவதால். சில வகை ஆரஞ்சை நன்றாகவே பிழிந்தாலும் சில மணி நேரத்தில் கசக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் குத்தல், நுரை, மோர் போன்ற வாடை, உப்பிய பாட்டில் என்று எது வந்தாலும் கொட்டிவிடுங்கள். பூஞ்சை தெரிந்தால் மேலாக வழித்துவிட்டுக் குடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனிமேல் பழத்தைத் தோலோடு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகு வெட்டுங்கள். தோலில் இருக்கும் கிருமி கத்தியோடுதான் உள்ளே போகிறது. அழுகிய பழத்தைச் சேர்க்காதீர்கள். பிழிந்ததை உடனே மூடி ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம் அடிக்கடி சூடாகும். உள்ளே 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு, மிஞ்சினால் மூன்று நாளில் குடித்து முடித்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த ஜூஸ் வேண்டாம். வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம். பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பதையும் நிறுத்துங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் புளிப்பு உலோகத்தைக் கரைத்து வாந்தி வரவைக்கும். கண்ணாடி பாட்டில் நல்லது. கடையில் வாங்கும் அட்டைப்பெட்டி ஜூஸில் போட்டிருக்கும் தேதி, பிரிக்காத பெட்டிக்கு மட்டும்தான். பிரித்துவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி, வயதானவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் யாராவது இருந்தால் பதப்படுத்திய ஜூஸ் மட்டுமே கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்த ஜூஸும் தேவையில்லை.

எடுத்து வைத்திருக்கும் அந்த பாட்டிலைச் சோதனைக்கு அனுப்ப வேண்டாம். உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். முகத்துக்கு எதிரே பிடிக்காமல், தொட்டியில் வைத்து மெதுவாக மூடியைத் தளர்த்திக் கொட்டிவிடுங்கள்.