ஏழு வயது மகனுக்கு டான்சில்: எடுத்துவிடலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. இரண்டாம் வகுப்பு படிக்கிறான், எடை 22 கிலோ. போன வருடம் நாலு தடவை தொண்டை வலி, காய்ச்சல் வந்தது. இந்த வருடம் ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஐந்து தடவை வந்துவிட்டது. காது மூக்கு தொண்டை டாக்டர், "சதை ரொம்பப் பெரிதாக இருக்கிறது, எடுத்துவிடலாம்" என்கிறார். வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவர், "ஒரு வருடம் பொறுங்கள்" என்கிறார். ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. 400 என்று வந்திருக்கிறது. இதயத்தைப் பாதிக்கும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். எடுத்தால் எதிர்ப்பு சக்தி போய்விடும் என்கிறார் மாமியார். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறான். ராத்திரி வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குவான், அவன் அப்பாவுக்கும் அது உண்டு. என்ன செய்வது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிவிட்ட அந்தக் குறட்டையைத்தான் முதலில் பேச வேண்டும். தொண்டை வலிக்காக டான்சிலை எடுப்பது ஒரு கணக்கு, மூச்சுக்காக எடுப்பது வேறு கணக்கு. ஒரு டாக்டர் சதையின் அளவைப் பார்த்திருக்கிறார், இன்னொருவர் காய்ச்சலின் எண்ணிக்கையைப் பார்த்திருக்கிறார். ஆளுக்கொரு பதில் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு பேரிடமும் குறட்டையைப் பற்றிச் சொன்னீர்களா?

சளி பிடித்த நாளில் எந்தக் குழந்தையும் குறட்டை விடும். அதை விட்டுவிடுங்கள். சளி இல்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை வருகிறதா? குறட்டை சட்டென்று நின்று, சில நொடி சத்தமே இல்லாமல் இருந்து, பிறகு திணறி மூச்சை இழுத்துக்கொண்டு புரண்டு படுக்கிறானா? கழுத்தைப் பின்னால் வளைத்து, தலையை அண்ணாந்தபடி தூங்குகிறானா? தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறதா? படுக்கையில் சிறுநீர் போவது நின்று, மறுபடி தொடங்கியிருக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று இருந்தாலே டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் சேர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும். இப்படித் தூக்கம் கெடும் குழந்தை பகலில் தூங்கி வழியும் என்று நினைக்காதீர்கள். பெரியவர்களுக்குத்தான் அப்படி. குழந்தை துறுதுறுவென்று, எரிச்சலாக, பாடத்தில் கவனம் நிற்காமல் இருக்கும். வகுப்பில் 'சேட்டைக்காரன்' என்று பெயர் வாங்கிவிடும்.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். அவன் சட்டையைக் கழற்றிப் படுக்க வையுங்கள். தூங்கி இரண்டு மணி நேரம் ஆனதும் ஒரு முறை, விடியற்காலை நாலு மணி சுமாருக்கு ஒரு முறை, கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் வரை தெரியும்படி செல்போனில் மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள், சத்தத்தோடு. விடியற்காலைத் தூக்கத்தில் தசைகள் அதிகம் தளர்வதால் அடைப்பு அப்போதுதான் நன்றாகத் தெரியும். மூச்சை இழுக்கும்போது கழுத்துக்குழி பள்ளமாக விழுந்து, மார்பு உள்வாங்கி, வயிறு மட்டும் மேலே எழும்பினால் அவன் மூச்சுக்குப் போராடுகிறான் என்று அர்த்தம். ஐந்து நிமிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்த வீடியோ டாக்டருக்கு ஒரு பார்வையில் காட்டிவிடும். அடைப்பு உறுதியானால் காய்ச்சல் எத்தனை முறை வந்தது என்ற கணக்கே தேவையில்லை; எடுக்கச் சொல்வது நியாயம், அடினாய்டையும் சேர்த்தே எடுப்பார்கள். குறட்டை லேசாக, மூச்சு தடைபடாமல் இருந்தால், சில வாரம் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்துப் பார்க்கலாம்.

குறட்டை வெறும் குறட்டைதான் என்று தெரிந்துவிட்டால், அடுத்தது தொண்டை வலிக் கணக்கு. உலகெங்கும் டாக்டர்கள் பின்பற்றும் அளவுகோல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவர் நடத்திய ஆய்விலிருந்து வந்தது; 1984-இல் வெளியானது. ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு 5 முறை, அல்லது தொடர்ந்து மூன்று வருடம் வருடத்துக்கு 3 முறை. இதில் ஏதாவது ஒன்று பொருந்தினால்தான் எடுப்பதைப் பற்றிப் பேசலாம். அதோடு, தொண்டை வலிக்கிறது என்று குழந்தை சொன்ன ஒவ்வொரு முறையும் கணக்கில் சேராது. வலியோடு இந்த நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும்: 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலிப்பது, டான்சில் மேல் வெள்ளையாகச் சீழ்ப் படலம், தொண்டையில் பஞ்சுக்குச்சியால் எடுத்த சோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா.

உங்கள் மகனுக்குப் போன வருடம் 4, இந்த வருடம் இதுவரை 5. எல்லாமே தகுதியான தொண்டைப் புண் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு இன்னும் எட்டவில்லை. அந்த ஐந்திலும் மூக்கு ஒழுகி, இருமலோடு, குரல் கம்மி வந்தவற்றைக் கழித்துவிடுங்கள். அவை வைரஸ் சளி; டான்சிலை எடுத்தாலும் வரத்தான் செய்யும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் திடீரென்று வரும். காலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை மாலையில் 102 டிகிரி காய்ச்சலோடு, எச்சில் விழுங்க முடியாமல், தலைவலி, வயிற்றுவலி, சில சமயம் வாந்தியோடு படுத்துவிடும். இருமல் இருக்காது.

ஆகவே குழந்தை மருத்துவர் பக்கம்தான் என் வாக்கு. ஆனால் பொறுப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, தெர்மாமீட்டரில் வந்த காய்ச்சல், இருமல் உண்டா இல்லையா, நெறி கட்டியதா, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் வெள்ளை தெரிந்ததா, என்ன மருந்து எத்தனை நாள் கொடுத்தீர்கள், எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கடந்த முறைகளுக்குச் சீட்டு இல்லாவிட்டால் இனி வரும் இரண்டு முறையையாவது டாக்டர் நேரில் பார்த்துப் பதிவு செய்யட்டும். நோட்டில் தேதிகளைப் பார்க்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை நாள் குறித்ததுபோலக் காய்ச்சல் வந்து, வாய்ப்புண்ணும் நெறியும் இருந்து, ஆன்டிபயாடிக்குக்கு அசையாமல் தானே நான்கைந்து நாளில் போகிறதென்றால் அது கிருமியே இல்லாத ஒருவகைக் காய்ச்சலாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். டாக்டரிடம் அந்தத் தேதிகளைக் காட்டுங்கள்.

திரும்பத் திரும்ப வருவதற்குப் பல வீடுகளில் நாம் மருந்து கொடுக்கும் விதமும் ஒரு காரணம். பாக்டீரியா என்று டாக்டர் முடிவு செய்து அமாக்சிசிலின் எழுதினால் அது 10 நாள். மூன்றாவது நாள் காய்ச்சல் விட்டு, பிள்ளை இட்லி கேட்டுச் சாப்பிட்டதும் மிச்ச மருந்து ஃபிரிட்ஜில் போய் உட்காரக் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மூன்று நாள் அசித்ரோமைசின் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு அது முதல் மருந்து அல்ல, அதற்கு அடங்காத கிருமிகளும் இருக்கின்றன. வீட்டில் யாராவது புகை பிடித்தால் அதை நிறுத்துவதும் சிகிச்சைதான். ஐஸ்கிரீமைப் பழிப்பதில் மட்டும் பயனில்லை. கிருமி ஐஸ்கிரீமிலிருந்து வருவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து இருமும் பிள்ளையிடமிருந்து வருகிறது.

இனி ஏ.எஸ்.ஓ. 400. ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளின் அளவுதான் ஏ.எஸ்.ஓ. பரிசோதனைக்கூடங்கள் 200 வரை சரி என்று அச்சடித்துக் கொடுப்பதால் 400 பெரிய எண்ணாகத் தெரிகிறது. பள்ளி செல்லும் வயதில், நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளுக்கே 200-ஐத் தாண்டி இருப்பது நம் ஊரில் சாதாரணம். எப்போதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்து போனது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது. முழங்கால், கணுக்கால் என்று மூட்டு மாற்றி மூட்டு வீங்கி வலிப்பது, மூச்சிரைப்பது, கை கால் தன்னிச்சையாக ஆடுவது போன்றவை இருந்தால்தான் பாக்டீரியா தொண்டைப் புண்ணுக்குப் பிறகு இதயத்தைப் பாதிக்கக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைச் சந்தேகித்து எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். இது எதுவும் இல்லாமல், எண்ணை மட்டும் பார்த்து 21 நாளைக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்; இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். இதயத்தைக் காப்பது டான்சில் ஆபரேஷன் அல்ல. பாக்டீரியா தொண்டைப் புண் வந்து 9 நாளுக்குள் தொடங்கி முழுதாகக் கொடுக்கப்பட்ட ஆன்டிபயாடிக்தான்.

சதை பெரிதாக இருக்கிறது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றிலிருந்து ஏழு வயது வரை டான்சில் பெரிதாக இருப்பதுதான் இயல்பு. பிறகு மெல்லச் சுருங்கும். அளவை மட்டும் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1934-இல் நியூயார்க்கில் வெளிவந்த ஓர் ஆய்வு சாட்சி. 1000 பள்ளிப் பிள்ளைகளில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகியிருந்தது. மீதி 389 பேரைப் பார்த்த டாக்டர்கள் 174 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். 'இவர்களுக்கு வேண்டாம்' என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் அனுப்பியபோது 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். அதிலும் தப்பிய 116 பேரை மறுபடி அனுப்ப, 51 பேருக்கு! பார்க்கிற கண்ணுக்கு ஏற்ப முடிவு மாறும். எழுதிவைத்த தேதி மாறாது.

மாமியாரின் பயத்துக்கு ஆறுதல் சொல்லுங்கள். நாக்கின் வேர்ப் பகுதியிலும் தொண்டையைச் சுற்றிலும் கழுத்திலும் இதே வேலையைச் செய்யும் திசுக்கள் நிறைய உண்டு. எடுத்த பிள்ளை அதனால் நோஞ்சானாகிவிடாது. எடுக்காமல் பொறுக்கச் சொல்வதற்குக் காரணம் எதிர்ப்பு சக்தி அல்ல, பலன் குறைவு என்பதே. கணக்கு எட்டாத பிள்ளைகளுக்கு எடுத்தால், அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக ஒரு தொண்டை வலிகூட முழுதாகக் குறைவதில்லை. எடுக்காத பிள்ளைகளும் ஓரிரு வருடத்தில் தாமாகவே தேறிவிடுகிறார்கள். இதற்காக மயக்க மருந்து, பத்து நாள் வலி, ரத்தக் கசிவு அபாயம் எல்லாம் ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கணக்கு எட்டினால் நான் மாற்றிச் சொல்வேன். இடையில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் வடிந்து, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோலக் குரல் மாறினால் டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூச்சடைப்பு உறுதியாகி ஆபரேஷன் என்று முடிவானால், தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். வாய் வழியாகவே செய்வது; வெளியே தையல் இருக்காது. கத்தியால் பிரித்தெடுப்பதா, மின்சூட்டிலா, குறைந்த சூட்டில் திசுவைக் கரைக்கும் கோப்ளேஷன் கருவியாலா என்பதைவிட, டாக்டருக்குக் கைவந்த முறை எது என்பதே முக்கியம். குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போன கதை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ஏழு வயது என்பதால் ஆடும் பால் பல் இருக்கும். அதை மயக்க மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மயக்கத்தில் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது. முந்தைய இரண்டு வாரத்தில் சளி, காய்ச்சல் இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துப் பதறாதீர்கள். டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாக, மஞ்சளாகப் படியும். அது சீழ் அல்ல, புண் ஆறும் மூடி. வாய் நாறும். காது வலிக்கிறது என்று அழுவான். காதில் ஒன்றும் இல்லை, தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு. வலி மருந்தை அழுத பிறகு கொடுக்காமல், முதல் மூன்று நான்கு நாள் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 22 கிலோவுக்கு 330 மில்லிகிராம். இங்கேதான் தவறு நடக்கும்: 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஆறரை மில்லி, 125 உள்ள சிரப் என்றால் 13 மில்லி. பாட்டிலைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். அதோடு ஐபுபுரோஃபென் சேர்ப்பதா என்பதை டாக்டர் சொல்வார். ஆஸ்பிரின் கூடாது, 12 வயதுக்குள் கோடீன் கலந்த மருந்து கூடவே கூடாது, மூச்சை நிறுத்திவிடும். தயிர் சாதம், ஆறிய ரசம் சாதம், இட்லி, இளநீர், ஐஸ்கிரீம், எது இறங்குகிறதோ அது. முறுக்கு, சிப்ஸ் மட்டும் வேண்டாம். மணிக்கு அரை டம்ளராவது ஏதாவது குடிக்க வேண்டும். குடிக்காமல் இருந்தால் வலி கூடும், வலி கூடினால் குடிக்க மாட்டான். எட்டு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மே விடுமுறையில் ஆபரேஷனை வைத்துக்கொண்டு, 'தெம்பாகிவிட்டான்' என்று ஆறாம் நாள் சொந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. ரத்தக் கசிவுக்கு அபாயமான கட்டங்கள் இரண்டு: முதல் 24 மணி நேரம், பிறகு அந்த வெள்ளை மூடி உதிரும் 5 முதல் 10-ஆம் நாள். இரண்டு வாரம் மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் தூரத்திலேயே இருங்கள். தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்குவது போலத் தொண்டை ஏறி இறங்கினால் விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள், ரத்தத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம். எச்சிலில் ஒரு கோடு சிவப்பைத் தாண்டி, புதுச் சிவப்பாக ரத்தம் வந்தால், அது நின்றுவிட்டாலும் சரி, மஞ்சளோ எண்ணெயோ தடவாமல், மல்லாக்கப் படுக்க வைக்காமல், முன்பக்கம் குனிய உட்கார வைத்து வருவதைத் துப்பச் சொல்லி, சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் 108-க்கு அழையுங்கள்.